ஒற்றை விரலால் தொட்டுக் காட்டும் வலி: ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடும் பெண் பிள்ளைகளின் எலும்புக்கு ஒரு முழு வழிகாட்டி

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஓர் அம்மா, 12 வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் எக்ஸ்ரே கவர். "ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க மேடம். ஆனா பின்னாடி வளைஞ்சா மட்டும் முகம் சுருங்குது" என்றார். "எங்க கண்ணு வலிக்குது?" என்று பிள்ளையிடம் கேட்டேன். கையைப் பின்னால் கொண்டுபோய், இடுப்புக்குச் சற்று மேலே, முதுகுத்தண்டுக்கு இடப்பக்கம், ஒரே விரலால் ஒரே இடத்தைத் தொட்டாள்.

தசை வலி என்றால் பிள்ளைகள் உள்ளங்கையால் தடவித்தான் காட்டுவார்கள். ஒற்றை விரல் வந்தால் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். பிசியோதெரபிஸ்டாக இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அதைவிட நல்ல சோதனை கிடைக்கவில்லை.

நானும் பள்ளி நாளில் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடியவள்தான். தேங்காய் நார் மெத்தையும் சிமெண்ட் தரையும்தான் அப்போது. முன்னங்கால் எலும்பில் வலி வந்தபோது ஸ்ப்ரே அடித்துவிட்டு ஆடச் சொன்னார்கள், ஆடினேன். போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் படியிறங்கும்போதே கால் நிற்கவில்லை. அந்த வருடமும் போச்சு, அடுத்த வருடமும் போச்சு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் தீபா கர்மாகர் வால்ட்டில் (ஓடிவந்து மேசையில் கை ஊன்றித் தாண்டும் பிரிவு) நான்காம் இடம் பிடித்த பிறகு நம் ஊரிலும் பெண் பிள்ளைகளை இந்த விளையாட்டில் சேர்ப்பது கூடிவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் எலும்பு களைத்துப்போவதைப் பற்றித் தமிழில் பெற்றோருக்கு யாரும் விவரமாகச் சொல்வதில்லை. அதனால் இது.

எலும்பு ஏன் களைக்கிறது

ஏற்காடு மலைப்பாதையில் தார் பெயர்ந்தால் எப்படிச் சரிசெய்வார்கள் என்று பார்த்திருப்பீர்கள். முதலில் பழைய தாரைச் சுரண்டி எடுத்துக் குழியாக்குவார்கள். அப்புறம்தான் ஜல்லி, தார், ரோலர். குழி தோண்டிய நாளுக்கும் புதுத் தார் இறுகும் நாளுக்கும் நடுவில் அந்த இடம் முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். அந்த நேரத்தில் பாரம் ஏற்றிய லாரிகளை விட்டால் ஓரம் உடைந்து போகும்.

எலும்பும் அப்படித்தான். குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் எலும்புக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு விரிசல்கள் விழுகின்றன. இது நோயல்ல, எல்லோருக்கும் நடப்பது. பழுதான பகுதியை ஒரு வகை செல்கள் முதலில் அரித்து எடுக்கின்றன. இதற்குச் சுமார் மூன்று வாரம். பிறகு வேறு வகை செல்கள் புது எலும்பை நிரப்புகின்றன. இதற்குச் சுமார் மூன்று மாதம். தோண்டுவது வேகம், நிரப்புவது மெதுவு. பயிற்சி முகாமில் சேர்ந்த மூன்றாவது நான்காவது வாரத்தில் வலி தலைகாட்டுவது ஏன் என்று இப்போது புரியும்.

முதலில் எலும்பின் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். அதைப் பொருட்படுத்தாமல் ஆடினால் விரிசல் கோடு தெரியும். அதற்கும் மேல் ஆடினால் முழு முறிவு. முதல் கட்டத்தில் பிடித்தால் சில வாரம் போகும், கடைசிக் கட்டத்தில் பிடித்தால் ஒரு சீசனே போகும்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 11 முதல் 13 வயதுக்குள் உயரம் மளமளவென்று கூடும், வேகமாக வளரும் வருடத்தில் 8 செ.மீ. வரைகூட. எலும்பு நீளமாவது முதலில், அதற்குள் சுண்ணாம்புச் சத்து நிறைந்து இறுகுவது பின்னால். அந்த இடைவெளியில்தான் கோச்சுகள் புதுப்புது வித்தைகளைக் கற்றுத்தரத் தொடங்குகிறார்கள். வளர்ந்து பெரியவரான பிறகு ஒருவருக்கு இருக்கும் எலும்புச் சத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, உயரம் கூடும் உச்சத்தை ஒட்டிய இரண்டு வருடங்களில் சேர்ந்ததுதான். இந்த வயதில் நடக்கும் தவறுக்குப் பிறகு பரிகாரம் தேடுவது கஷ்டம்.

முதல் படி: எந்த இடம் என்று பாருங்கள்

முதுகு. இந்த விளையாட்டில் நான் மிகவும் பயப்படும் இடம் இதுதான். பிரிட்ஜ் (கையும் காலும் ஊன்றி வயிறு மேலே இருக்க வில்லாக வளைவது), பேக் வாக்ஓவர் (பின்னால் வளைந்து கை ஊன்றிக் கால்களைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோவது), பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங் (அதையே வேகமாகத் துள்ளிச் செய்வது) எல்லாவற்றிலும் கீழ்முதுகு பின்னால் மடங்குகிறது. ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பின் பின்பக்கத்தில், மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் இணைக்கும் ஒரு குறுகிய பாலம் இருக்கிறது. எல்லா அழுத்தமும் அங்கே வந்து சேரும். அந்தப் பாலத்தில் விரிசல் விழுவதை மருத்துவர்கள் ஸ்பாண்டிலோலைசிஸ் என்பார்கள். பொதுவாகப் பெரியவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு இது இருக்கலாம், பலருக்குத் தெரியவே தெரியாது. ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளிடம் இன்னும் அதிகம். அடையாளம்: குனிந்தால் வலிக்காது, பின்னால் வளைந்தால் வலிக்கும், பெரும்பாலும் ஒரு பக்கம். வளரும் பிள்ளைக்குக் கீழ்முதுகு வலி இரண்டு வாரத்தைத் தாண்டினால் "கூன் போட்டுப் படிக்கிறா, அதான்" என்று விட்டுவிடாதீர்கள். பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேரின் வீட்டில் அந்த வாக்கியத்தை நான் கேட்டிருக்கிறேன்.

மணிக்கட்டு. மற்ற விளையாட்டுகள் பெரும்பாலும் கையைக் காலாக்கி நடக்கச் சொல்வதில்லை. ஹேண்ட்ஸ்டாண்ட் (தலைகீழாகக் கையில் நிற்பது), கார்ட்வீல் (பக்கவாட்டில் சக்கரம்போலச் சுழல்வது), வால்ட் மேசையில் கை ஊன்றுவது எல்லாமே மணிக்கட்டில் உடல் எடையை இறக்குகின்றன, வேகமான அசைவில் எடையைப்போல இரண்டு மடங்குகூட. கட்டைவிரல் பக்கத்து முன்கை எலும்பின் முனையில் வளர்ச்சித் தட்டு இருக்கிறது. எலும்பு நீளமாவது அங்கிருந்துதான். அது நசுங்கிக்கொண்டே இருந்தால் வளர்ச்சி பாதியில் நின்று, பக்கத்து எலும்பு மட்டும் நீண்டு, மணிக்கட்டு கோணிப்போகும். கை ஊன்றும்போது மணிக்கட்டின் மேற்புறம் கட்டைவிரல் பக்கமாக வலிக்கிறதென்றால் கவனியுங்கள். பிள்ளைகள் இந்த வலியை "எல்லாருக்கும்தான் வலிக்குது மேம்" என்று சொல்வார்கள். உண்மைதான், நிறையப் பேருக்கு வலிக்கிறது. அதனாலேயே யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

முன்னங்கால். முழங்காலுக்குக் கீழே, முன்னங்கால் எலும்பின் உட்பக்க விளிம்பை விரலால் மேலிருந்து கீழாகத் தடவிப் பாருங்கள். ஒரு சாணுக்கு வலி பரவியிருந்தால் பெரும்பாலும் எலும்புறை எரிச்சல், ஓய்வில் அடங்கும். இரண்டு விரல் அகலத்துக்குள் அழுத்தும்போது மட்டும் "ஆ" என்றால் விரிசலாக இருக்கலாம். இதே எலும்பின் முன்பக்கம், நட்ட நடுவில் வலித்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். அந்தப் பக்கம் ஒவ்வொரு குதிப்பிலும் இழுபடுவதால் ஆறுவது மெதுவு, முழுதாக முறியும் ஆபத்தும் உண்டு.

பாதம். நடுப்பாதத்தின் மேற்புறம், கணுக்காலுக்குச் சற்று முன்னால் ஒரு சிறு எலும்பு இருக்கிறது, நேவிகுலார் என்பார்கள். அங்கே ரத்த ஓட்டம் குறைவு. இந்த எலும்பில் விரிசல் என்றால் கட்டுப்போட்டு, காலை ஊன்றாமல் ஆறு முதல் எட்டு வாரம் இருக்கவேண்டி வரும். விரல் எலும்புகளுக்குப் பின்னால் இருக்கும் நீள எலும்புகளில் இரண்டாவது, மூன்றாவது, நான்காவதில் வந்தால் அவ்வளவு பயமில்லை. ஐந்தாவதின் அடிப்பகுதியில் வந்தால் கவனம் வேண்டும்.

குதிகால் வலி 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வளர்ச்சித் தட்டு எரிச்சல்தான், விரிசல் இல்லை. தொடையிடுக்கில் வலி வந்து நொண்டினால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், நொண்டிக் குதிக்கச் சொல்லிச் சோதிக்க வேண்டாம். முழங்கை மடக்கும்போது பூட்டிக்கொள்கிறது, முழுதாக நீட்ட வரவில்லை என்றாலும் காத்திருக்கக் கூடாது.

இரண்டாம் படி: வலி நடக்கும் விதத்தைக் கேளுங்கள்

"வலிக்குதா?" என்று கேட்டால் பிள்ளை இல்லை என்றுதான் சொல்லும். போட்டி இருக்கிறது, தோழிகள் இருக்கிறார்கள், சாருக்குக் கோபம் வரும். இப்படிக் கேளுங்கள்: போன வாரம் பயிற்சி தொடங்கி எவ்வளவு நேரத்தில் வலி வந்தது? இந்த வாரம்? முன்பு இரண்டு மணி நேரம் கழித்து வந்த வலி இப்போது வார்ம்அப்பிலேயே வருகிறதென்றால் எலும்பு தோற்றுக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வந்தபிறகும் வலி தொடர்கிறதா, ராத்திரி தூக்கத்தில் எழுப்புகிறதா, மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கிறாளா என்று பாருங்கள். கடைசிக் கேள்விக்கு வாய் பொய் சொன்னாலும் கை பொய் சொல்லாது.

முன்னங்கால், பாத வலிக்கு மட்டும் ஒரு சோதனை: வலிக்காத காலில் ஐந்து முறை நொண்டச் சொல்லுங்கள், அப்புறம் வலிக்கும் காலில் ஒரே ஒரு முறை. அந்த ஒன்றிலேயே சுருக்கென்றால் அங்கேயே நிறுத்துங்கள். முதுகுக்கு, ஒற்றைக் காலில் நின்று மெதுவாகப் பின்னால் சாயச் சொல்வார்கள். அது முழு நம்பிக்கைக்குரிய சோதனை இல்லை. வலிக்கவில்லை என்பதால் நிம்மதியாகிவிட வேண்டாம்.

மூன்றாம் படி: முதல் ஏழு நாள்

வலி தரும் அசைவை அன்றே நிறுத்துங்கள். பயிற்சிக்குப் போவதை நிறுத்தத் தேவையில்லை. முதுகு வலியென்றால் வளைவதும் குதிப்பதும் வேண்டாம். மணிக்கட்டென்றால் கை ஊன்றல் வேண்டாம். ஆனால் பிள்ளை மைதானத்துக்குப் போகட்டும், வலிக்காத உடற்பகுதிக்குப் பயிற்சி செய்யட்டும், தோழிகளோடு இருக்கட்டும். வீட்டில் படுக்கப்போட்ட பிள்ளை அடுத்த முறை வலியைச் சொல்லவே சொல்லாது.

நடந்தாலே வலிக்கிறதென்றால் ஊன்றுகோல் வேண்டும். நொண்டி நடப்பதும் எலும்புக்குப் பாரம்தான்.

வலி மாத்திரை கொடுத்து ஆட விடாதீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவை வலியை மறைக்கும், எலும்பு ஆறுவதையும் தாமதப்படுத்தலாம் என்ற கவலை மருத்துவர்களிடம் இருக்கிறது. ராத்திரி தாங்க முடியாவிட்டால் டாக்டரிடம் கேட்டுப் பாராசிட்டமால். ஸ்ப்ரேயைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்லிவிட்டேன்.

இன்னொன்று, நம் பக்கத்தில் சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப்போவது உடனே நடக்கும். பாட்டி சொல்வார், பெரியப்பா வண்டியை எடுப்பார். தசைப்பிடிப்புக்கு எண்ணெய் தடவி நீவிவிட்டால் சுகமாகத்தான் இருக்கும். விரிசல் இருக்கும் எலும்பை அழுத்தி உருவினால் அது மூடிக்கொள்ளாது, திறக்கும். முதலில் எலும்பு டாக்டர் பார்க்கட்டும், பெரியவர்களிடம் சண்டை போடாமல் "ஸ்கேன் வந்ததும் போலாம் பெரியப்பா" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: எந்தப் படம், யாரிடம்

அந்த அம்மாபேட்டைப் பிள்ளையின் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. முதல் இரண்டு மூன்று வாரங்களில் விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. ஆறத் தொடங்கிப் புது எலும்பு படிந்தபிறகுதான் தெரியும், சிலவற்றில் அப்போதும் தெரியாது. எலும்புக்குள் நீர் கோத்திருப்பதைக் காட்டுவது எம்ஆர்ஐ. அதில் கதிர்வீச்சு கிடையாது, சிறு பிள்ளைகளுக்கு அதனாலேயே நல்லது. முதுகெலும்பில் விரிசல் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்க்கச் சில சமயம் சி.டி. கேட்பார்கள், அதில் கதிர்வீச்சு உண்டு. எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மணிக்கட்டுக்கு மட்டும் எக்ஸ்ரே உபயோகமாக இருக்கும், இரண்டு கையையும் எடுத்து ஒப்பிட்டால் வளர்ச்சித் தட்டு அகன்றிருப்பது தெரியும்.

தனியார் ஸ்கேன் மையத்தில் செலவு கையைக் கடிக்கும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவப் பிரிவு இருக்கிறது, அங்கே வெளிநோயாளி வரிசையில் நிற்கத் தயங்க வேண்டாம். எங்கே போனாலும் ஒரு தாளில் இதை எழுதிக்கொண்டு போங்கள்: வலி எப்போது தொடங்கியது, வாரத்துக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி, கடந்த இரண்டு மாதத்தில் என்ன மாறியது, மாதவிடாய் விவரம், முன்பு எங்காவது எலும்பு முறிந்ததா. டாக்டருக்கு உங்களோடு கிடைப்பது ஐந்து நிமிடம். "ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடுறா, பின்னால் வளைஞ்சா மட்டும் ஒரே இடத்துல வலி, மூணு வாரமாச்சு" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இருக்கும் இரும்புச்சத்துச் சேமிப்பு), தைராய்டு பார்ப்பது வழக்கம். சேலத்தில் வெயிலுக்கா பஞ்சம் என்று நினைப்போம். ஆனால் பிள்ளை விடிவதற்கு முன்னால் உள்ளரங்கத்துக்குப் போகிறது, பகலெல்லாம் வகுப்பறை, சாயங்காலம் மறுபடி உள்ளரங்கம், ராத்திரி டியூஷன். வைட்டமின் டி ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருப்பதைப் பார்த்து நான் இப்போதெல்லாம் ஆச்சரியப்படுவதில்லை. 60,000 யூனிட் பொடி வாங்கி இஷ்டத்துக்குக் கொடுக்காதீர்கள், அது அளவு மீறினால் விஷம். டாக்டர் சொன்ன வாரக்கணக்கில் மட்டும்.

ஐந்தாம் படி: ஏன் வந்தது?

பெரும்பாலான வீடுகளில் நான்காம் படியோடு கதை முடிந்துவிடும். ஓய்வு எடுத்தாள், வலி போயிற்று, மறுபடி ஆடினாள். ஆறு மாதத்தில் வேறொரு எலும்பு. ஓய்வு அந்த ஒரு குழியை மட்டும்தான் மூடும், குழி விழுந்த காரணத்தைத் தொடாது. எனவே இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள்.

முதலில் பாரம். தேர்வுக்காகப் பிப்ரவரி, மார்ச் மாதம் பயிற்சியை நிறுத்திவிடுகிறோம். கடைசித் தேர்வுக்கு மறுநாள் கோடை முகாம், காலையில் மூன்று மணி நேரம், மாலையில் இரண்டு. மனசும் தசையும் இரண்டு வாரத்தில் பழகிவிடும், எலும்பு பழகாது. சில முகாம்களில் ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்கு ஓட்டம் வேறு. இருபது கொண்டை ஊசி வளைவிலும் மேலே ஏறுவதுகூடப் பரவாயில்லை, நுரையீரல்தான் கஷ்டப்படும். இறங்கி ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் முன்னங்கால் எலும்பு பிரேக் பிடிக்கிறது. மேலே ஓடிவிட்டு வேனில் இறங்கிவாருங்கள்.

பயிற்சி நேரத்தை எண்ணுவதைவிட இறங்குவதை எண்ணுவது நல்லது. மூன்று மணி நேரத்தில் பாதி நேரம் வரிசையில் நிற்பதே. எத்தனை முறை குதித்து இறங்கினாள், அதில் எத்தனை கடினத் தரையில், எத்தனை முறை பின்னால் வளைந்தாள் என்று ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப்பாருங்கள். பழைய மகாத்மா காந்தி மைதானத்துக் காலரியில் உட்கார்ந்து கையில் புளியங்கொட்டை வைத்து எண்ணிய ஒரு தாத்தாவை எனக்குத் தெரியும். 140 வந்தது. கோச்சே அசந்துபோனார். உயரத்திலிருந்து இறங்கும்போது காலில் விழும் விசை உடல் எடையைப்போல பத்து மடங்குவரை போகக்கூடியது.

இரண்டாவது, சாப்பாடு. கொஞ்சம் கணக்குப் போடலாம். 36 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு, கொழுப்பைக் கழித்தால் சுமார் 30 கிலோ உடல். பயிற்சிக்குச் செலவானது போக, அந்த 30 கிலோவில் ஒவ்வொன்றுக்கும் நாளைக்கு 45 கலோரியாவது மிஞ்சினால்தான் எலும்பு, ஹார்மோன், வளர்ச்சி எல்லாம் ஒழுங்காக நடக்கும். அது 1,350. பயிற்சிக்கு ஒரு 400 சேர்த்தால் 1,750. வளரும் பிள்ளைக்கு இதற்கு மேலும் வேண்டும். கிலோவுக்கு 30 என்ற அளவுக்குக் கீழே போனால் உடம்பு சிக்கனம் பிடிக்கத் தொடங்கும், அதாவது இந்தப் பிள்ளை 1,300க்குக் கீழே சாப்பிட்டால். இப்போது அவள் சாப்பிட்டதை எழுதுங்கள். காலையில் பயிற்சி முடிந்து பஸ் பிடிக்கும் அவசரத்தில் இரண்டு இட்லி. மதியம் டப்பாவில் பாதி எலுமிச்சை சாதம் திரும்பி வந்தது. சாயங்காலம் டீ, நாலு பிஸ்கட். ராத்திரி களைப்பில் ஒரு தோசை. ஆயிரத்தைத் தொட்டாலே பெரிது. இங்கே யாரும் பிள்ளையைப் பட்டினி போடவில்லை, நேரம்தான் பட்டினி போட்டது. சில பிள்ளைகள் வேண்டுமென்றே குறைப்பதும் உண்டு, உடம்போடு ஒட்டிய ஆட்ட உடையைப் பார்த்து "லியோடார்டுல தொப்பை தெரியுது" என்று யாராவது ஒருமுறை சொன்னது போதும். எடை பார்க்கும் மெஷினை ஜிம்மிலிருந்து எடுத்துவிடச் சொல்லிக் கோச்சிடம் கெஞ்சியிருக்கிறேன்.

மூன்றாவது, மாதவிடாய். இதைப் பேச வீட்டில் தயக்கம், ஜிம்மில் அதைவிடத் தயக்கம், அப்பாக்கள் எழுந்து வெளியே போய்விடுவார்கள். உட்காருங்கள் சார், இது எலும்புக் கணக்கு. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் குழி தோண்டுவது கூடும், நிரப்புவது குறையும். போதிய சாப்பாடு இல்லாத உடம்பு முதலில் நிறுத்தும் செலவு மாதவிடாய்தான். விளையாட்டு மருத்துவத்தில் குறைந்த சாப்பாடு, நின்றுபோன மாதவிடாய், பலவீனமான எலும்பு மூன்றையும் ஒரே முடிச்சாகப் பேசத் தொடங்கியது 1990களில். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இதை இன்னும் விரித்து, இதயம், எதிர்ப்பாற்றல், மனநிலை வரை எல்லாம் கெடும் என்றது, ஆண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது.

15 வயது முடிந்தும் பெரியவளாகவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். 13 வயதாகியும் மார்பு வளர்ச்சி தொடங்கவில்லை என்றாலும்தான். வயதுக்கு வந்து முதல் ஒன்றிரண்டு வருடம் நாள் முன்னே பின்னே ஆவது இயல்பு. ஆனால் ஒரு முறைகூட 90 நாள் இடைவெளி விழக் கூடாது. "போட்டி வரைக்கும் வராம இருந்தா நல்லதுதானே மேடம்" என்று சொன்ன அம்மாக்கள் உண்டு. மஞ்சள் நீராட்டுக்கு மண்டபம் பிடித்து ஊரைக் கூட்டும் நாம், அதற்கப்புறம் அது மாதாமாதம் வருகிறதா என்று கேட்க மறந்துவிடுகிறோம். மாத்திரை போட்டு வரவழைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். மாத்திரை நிறுத்தினால் வரும் ரத்தம், உடம்பு சரியாகிவிட்டது என்பதற்கு அத்தாட்சி இல்லை. கருத்தடை ஹார்மோன் மாத்திரை எலும்பைக் காப்பாற்றாது, பிரச்சினையைத் திரைபோட்டு மூடிவிடும். சாப்பாட்டைக் கூட்டி, பயிற்சியைக் குறைத்து, தானாக வரவைப்பதுதான் சிகிச்சை. மாதங்கள் ஆகும்.

தூக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 12 வயதுவரை ஒன்பது மணி நேரம், அதற்கு மேல் எட்டாவது. ஐந்து மணிக்கு எழுப்புகிறீர்கள் என்றால் டியூஷன் எத்தனை மணிக்கு முடிகிறது என்று பாருங்கள்.

ஆறாம் படி: தட்டில் என்ன வைப்பது

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி 13 முதல் 15 வயதுக்கு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். பவுடர் டப்பா வாங்கத் தேவையில்லை. நம் பக்கத்துச் சமையலே போதும். 100 கிராம் ராகி மாவில் 350 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, நடுத்தரக் களி உருண்டை ஒன்றில் 250 போல வரும். 200 மில்லி பால் அல்லது அதே அளவு தயிர் இன்னொரு 240. முருங்கைக்கீரைப் பொரியல், எள்ளுருண்டை, முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி எல்லாம் சேர்ந்தால் ஆயிரம் எட்டிவிடும். களியைக் கண்டால் முகம் சுளிக்கும் பிள்ளைக்கு ராகி தோசை, ராகி புட்டு. பெயரை மாற்றினால் போதும், பாதிப் பிள்ளைகள் கண்டுபிடிப்பதில்லை.

ஜவ்வரிசி நம் ஊர்ப் பெருமை. ஆனால் அதில் மாவுச்சத்துதான், கால்சியம் பெயருக்கு. எலும்புக்கு உதவாது. பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு டம்ளர் ஜவ்வரிசிக் கஞ்சி நல்ல எரிபொருள், அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்த் தெருக்கடைத் தீனி தட்டுவடை செட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். சாப்பிடட்டும். இந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதல் கலோரியால் வரும் ஆபத்தைவிடக் குறைவால் வரும் ஆபத்துதான் எனக்குத் தெரிந்து அதிகம்.

பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் ஏதாவது வயிற்றுக்குள் போகட்டும். வேகவைத்த முட்டை இரண்டு, ஒரு வாழைப்பழம். வண்டியில் உட்கார்ந்தே சாப்பிடலாம்.

ஏழாம் படி: திரும்பிப் போவது

முன்னங்கால் உட்பக்க விரிசல் பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு வாரம். முதுகு மூன்று முதல் ஆறு மாதம். மணிக்கட்டு ஆறு வாரத்திலும் சரியாகலாம், ஆறு மாதமும் ஆகலாம், எவ்வளவு தாமதமாக வந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. நேவிகுலார் கட்டுப் பிரித்தபிறகும் மாதங்கள் பிடிக்கும். காலண்டரைவிட உடம்பு சொல்வதைக் கேளுங்கள்.

சாதாரணமாக நடக்கும்போது முழுதாக ஒரு வாரம் வலியில்லாமல் இருக்க வேண்டும், அழுத்தினாலும் வலிக்கக் கூடாது. அதற்கு முன் எந்தக் குதிப்பும் வேண்டாம். அதுவரை நீச்சல், சைக்கிள், வயிறு, இடுப்புத் தசைப் பயிற்சி. முதுகு விரிசல் உள்ள பிள்ளைகளுக்குத் தோளும் இடுப்பு மூட்டும் இளக வேண்டும். அவை இறுக்கமாக இருந்தால் பிரிட்ஜ் போடும்போது வளைவதெல்லாம் கீழ்முதுகில்தான் வளையும். என் அறையில் பாதி நேரம் இதற்கே போகிறது.

பிறகு மென்மையான தடித்த மெத்தையில், தாழ்வான உயரத்திலிருந்து, பத்து இறக்கம். மறுநாள் ஓய்வு. 24 மணி நேரத்தில் வலி எட்டிப் பார்க்கவில்லை என்றால் அடுத்த முறை பதினைந்து. எண்ணிக்கை, உயரம், தரையின் கடினம் மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். மூன்றையும் ஒரே நாளில் கூட்டுவதுதான் நம் கோச்சுகளின் பழக்கம், "ரெடியாயிட்டா, விடுங்க" என்று. ஒரு படியில் வலி வந்தால் முந்தைய படிக்குத் திரும்பி ஒரு வாரம். முதுகென்றால் பின்வளைவு கடைசியில் வரும், முதலில் கம்பியில் தொங்கி ஆடும் பார் பயிற்சி, அப்புறம் உத்தரம்போன்ற பீமில் வளைவில்லாத பயிற்சி. 10 செ.மீ. அகல பீமைத் தரையில் கோடு போட்டும் பழகலாம், தரைக்கோட்டிலிருந்து யாரும் விழுவதில்லை. மணிக்கட்டென்றால் சுவரில் கை ஊன்றித் தொடங்கி, முழங்காலிட்டு ஊன்றி, பிறகுதான் ஹேண்ட்ஸ்டாண்ட், வால்ட் கடைசி.

குறுகிய நேரப் பயிற்சி, நடுவில் நீண்ட இடைவெளி எலும்புக்குப் பிடிக்கும். ஒரே வேளையில் நூறு முறை குதிப்பதைவிட, காலையில் நாற்பது, மாலையில் நாற்பது என்று பிரித்தால் எலும்பு அதிகம் பலப்படும். தொடர்ந்து அடித்தால் கொஞ்ச நேரத்தில் அதன் காது அடைத்துக்கொள்ளும், பலப்படும் வேலையைக் குறைத்துக்கொள்ளும்.

கோச்சிடம் எப்படிப் பேசுவது

சண்டைக்குப் போகாதீர்கள். பெரும்பாலான கோச்சுகள் நல்லவர்கள், அவர்களுக்கும் போட்டி நெருக்கடி. ஸ்கேன் ரிப்போர்ட்டையும், செய்யலாம், செய்யக் கூடாது என்று இரண்டு பத்தியாக எழுதிய தாளையும் கொடுங்கள். "சார், இவ என்ன செய்யலாம்னு நீங்களே ஒரு பிளான் போட்டுக் கொடுங்க" என்று கேட்டால் அவர் உங்கள் பக்கம் வந்துவிடுவார். போட்டியை விட்டுவிட்டால் வாழ்க்கை போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால், உலக அளவிலான சீனியர் பிரிவுப் போட்டிகளில் பெண்கள் ஆட அந்த ஆண்டுக்குள் 16 வயதாக வேண்டும் என்ற விதி 1997இலிருந்து இருப்பதைச் சொல்லுங்கள். 12 வயதில் ஒரு மாவட்டப் போட்டி தவறுவது எந்தப் பட்டியலிலும் ஏறாது.

அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் ஒரு வரி: எத்தனை இறக்கம், எங்கே வலி, பத்துக்கு எத்தனை, எத்தனை மணி நேரம் தூங்கினாள். மாதம் ஒருமுறை உயரம், சுவரில் பென்சில் கோடு போதும். மாதவிடாய் தேதிக்கு மட்டும் சிவப்புப் பேனா. பிள்ளையே எழுதட்டும், நீங்கள் வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள், திட்டாமல். பென்சில் கோடு வேகமாக ஏறும் மாதங்களில் இறக்கங்களை நீங்களே கேட்டுக் குறையுங்கள்.

அம்மாபேட்டைப் பிள்ளைக்கு எம்ஆர்ஐயில் ஐந்தாவது முள்ளெலும்பின் இடப்பக்கப் பாலத்தில் நீர் கோத்திருந்தது, விரிசல் கோடு இன்னும் விழவில்லை. நான்கு மாதம் ஆயிற்று. நோட்டில் சிவப்புக் கோடு மூன்று முறை வந்திருந்தது, முன்பு ஐந்து மாதமாக வராதிருந்ததாம், அம்மாவுக்கே தெரியாது. போன வாரம் பேக் வாக்ஓவர் ஒன்று போட்டாள். "வலிச்சுதா?" என்றேன். "இல்லக்கா" என்றவள், கொஞ்சம் யோசித்து, முதுகை உள்ளங்கையால் தடவிக்கொண்டு "லேசா இறுக்கம் மட்டும்" என்றாள். அன்றைக்கு அந்த ஒன்றோடு நிறுத்திக்கொண்டோம்.